தொடர்வண்டிப் பாதையில் உலோக உருத்திரிபு

தொடர்வண்டிப் பாதையில் உலோக உருத்திரிபு என்பது தண்டவாளம், சக்கரம், அச்சு, சுருள்வில், மேல்நிலை மின்கம்பி முதலிய உலோக உறுப்புகள், தம்மீது செயற்படும் விசைகளாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் வடிவத்திலும் அளவிலும் மாறுவதைக் குறிக்கும். இம்மாற்றங்களுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாதவை. விசை நீங்கியதும் மறைந்துவிடுபவை. சில மட்டும் நிலைத்து நின்று, நாளடைவில் தேய்மானமாகவோ நெளிவாகவோ முறிவாகவோ முடிகின்றன. உலோகம் எவ்வகைத் தகைவுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதை அறிந்தே பாதைகள் வடிவமைக்கப்படுகின்றன; பேணப்படுகின்றன.

உலோகவியலில் தனித்தனியாகக் கற்பிக்கப்படும் இழுவிசை, அமுக்கம், வளைவு, முறுக்கு, வெப்பத் தகைவு, களைப்பு ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் செயற்படுவதற்குச் சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர்ப் பாதை நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான பாதை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுடையது. கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் இப்பாதையை ஒட்டியே வளர்ந்தன. இப்பாதையில் 1931 ஆம் ஆண்டு மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. தென்னிந்தியாவில் மின்மயமாக்கப்பட்ட முதல் தொடர்வண்டிப் பாதை இதுவே. தொடக்கத்தில் இது 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையாக இருந்தது. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தால் இயங்கியது. பின்னர் 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப்பாதைகள் அமைக்கப்பட்ட பின், 2004 ஆம் ஆண்டுடன் கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதைச் சேவை முடிவுக்கு வந்தது.

தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகப் பாதை செங்கல்பட்டுக்குச் செல்கிறது. தாம்பரத்தில் மின்தொடர் வண்டிகளைப் பேணும் பணிமனை உள்ளது. புறநகர் வண்டிகளுடன் தென் மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளும் இத்தடத்தில் ஓடுகின்றன.

தகைவும் திரிபும்

ஒரு பொருளின்மீது புறவிசை செயற்படும்போது அதனுள்ளே ஓர் எதிர்விசை தோன்றுகிறது. ஓரலகு பரப்பில் செயற்படும் இவ்விசை தகைவு எனப்படும். தகைவின் அலகு பாஸ்கல் ஆகும். பொறியியலில் மெகாபாஸ்கல் பெரிதும் பயன்படுகிறது. 1 மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் 1 நியூட்டன் விசை செயற்படுவதற்குச் சமம். தகைவினால் பொருளின் பரிமாணத்தில் ஏற்படும் மாற்றத்திற்கும் தொடக்கப் பரிமாணத்திற்கும் உள்ள விகிதம் திரிபு ஆகும். திரிபுக்கு அலகு இல்லை.

சிறிய திரிபுகளில் தகைவும் திரிபும் நேர்விகிதத்தில் இருக்கும். இதனை 17 ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் கண்டறிந்தார். இவ்விகிதம் யங் குணகம் எனப்படுகிறது. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல், செம்புக்கு 1,20,000, அலுமினியத்திற்கு 70,000. எனவே 100 மெகாபாஸ்கல் தகைவுக்கு உட்படும் ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பி அரை மில்லிமீட்டர் மட்டுமே நீளும். விசையை எடுத்துவிட்டால் பழைய நீளத்தை அடையும். இது மீள் உருத்திரிபு ஆகும்.

தகைவு ஒரு வரம்பைக் கடந்தால் உலோகம் முழுமையாக மீள்வதில்லை. அவ்வரம்பு நெகிழ்வுப் புள்ளி எனப்படும். அதற்கு அப்பால் ஏற்படுவது நிலைத்த உருத்திரிபு ஆகும். மேலும் தகைவு கூடினால் உலோகம் தன் பெரும வலிமையை எட்டி, ஓரிடத்தில் கழுத்துப்போல் மெலிந்து, பின்னர் முறியும். இந்தியத் தண்டவாளங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகை எஃகு '880 தரம்' என்று அழைக்கப்படுகிறது. அதன் பெரும இழுவலிமை குறைந்தது 880 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்பதையே இவ்வெண் குறிக்கிறது. இத்தகைய எஃகால் செய்த 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒன்றை இழுத்து முறிக்க ஏறத்தாழ 7 டன் எடைக்கு ஈடான விசை தேவைப்படும்.

படிக அமைப்பில் நிகழ்வது

உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்து படிகங்களாக உள்ளன. மீள் உருத்திரிபின்போது அணுக்களுக்கு இடையேயான தொலைவு சற்றே மாறுகிறது. அண்டை அணுக்கள் மாறுவதில்லை. நிலைத்த உருத்திரிபின்போது ஓர் அணுத்தளம் மற்றொன்றின்மீது சறுக்கி, அணுக்கள் புதிய அண்டை அணுக்களோடு பிணைகின்றன. ஆகவே பிணைப்பு அறுபடாமலேயே வடிவம் மாறிவிடுகிறது. கண்ணாடியைப்போல் நொறுங்காமல் உலோகம் வளைவதற்கு இதுவே காரணம்.

ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் சறுக்குவதாகக் கொண்டு, அதற்குத் தேவையான தகைவை 1926 ஆம் ஆண்டு யாக்கோவ் பிரெங்கெல் கணக்கிட்டார். அக்கணக்கு, தூய உலோகப் படிகங்களில் உண்மையில் அளக்கப்பட்ட மதிப்பைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. இம்முரணை 1934 ஆம் ஆண்டு ஜெஃப்ரி டெய்லர், எகான் ஒரோவான், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் தனித்தனியாக விளக்கினர். படிகத்தில் ஆங்காங்கே அணு வரிசை முறைமாறி நிற்கும் கோடுகள் உள்ளன. அவை நகர்வதன் மூலமே சறுக்கல் நிகழ்கிறது என்பது அவர்கள் விளக்கம். இக்கோடுகள் இடப்பிறழ்வுகள் எனப்படுகின்றன. தரையில் விரித்த பெரிய சமுக்காளத்தை ஒரேயடியாக இழுப்பது கடினம். ஒரு முனையில் மடிப்பு ஒன்றை எழுப்பி அதை மறுமுனை வரை தள்ளிச்சென்றால் சமுக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். இடப்பிறழ்வு அந்த மடிப்பைப் போன்றது.

இதிலிருந்து உலோகத்தை வலுவாக்கும் வழியும் புலனாகிறது. இடப்பிறழ்வுகளின் நகர்வைத் தடுத்தால் உலோகம் வலுப்பெறும். தண்டவாள எஃகில் மென்மையான இரும்புப் படலங்களும் கடினமான இரும்புக் கார்பைடுப் படலங்களும் மிக நெருக்கமாக மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. இடப்பிறழ்வு ஒவ்வொரு கார்பைடுப் படலத்திலும் தடைப்படுகிறது. மேலும், நிலைத்த உருத்திரிபு நிகழும்போது இடப்பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று தடுப்பதால் உலோகம் தானாகவே கடினமாகிறது. இது வேலைக்கடினமாதல் எனப்படும். பாத்திரம் செய்யும் கன்னார் செம்பையும் பித்தளையையும் தட்டத் தட்ட அவை விறைப்பதும், உலையில் காய்ச்சியபின் மீண்டும் இளகுவதும் இதன் வெளிப்பாடே.

தகைவின் வகைகள்

இழுவிசைத் தகைவு

பொருளை இருபுறமும் இழுக்கும்போது தோன்றுவது இழுவிசைத் தகைவு ஆகும். பாதைக்கு மேலே செல்லும் மின்கம்பி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வண்டியின் கூரையிலுள்ள மின்னேந்தி இக்கம்பியைத் தடவிக்கொண்டு மின்சாரம் பெறுகிறது. கம்பி தொய்ந்திருந்தால் தொடர்பு விட்டுவிட்டு ஏற்பட்டுத் தீப்பொறி உண்டாகும். எனவே கம்பி எப்போதும் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியாவின் 25,000 வோல்ட் பாதைகளில் வழக்கமாகப் பயன்படும் தொடுகம்பி 107 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பினால் ஆனது. 1,000 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையால் இழுக்கப்பட்டிருக்கும். எனவே அதில் ஏறத்தாழ 92 மெகாபாஸ்கல் தகைவு நிலவுகிறது. காய்ச்சி இளக்கிய செம்பு இதைவிடக் குறைந்த தகைவிலேயே நிலையாக நீளத் தொடங்கிவிடும். ஆகையால் அச்சுத் துளைகளின் வழியே குளிர்நிலையில் இழுத்துக் கடினமாக்கிய செம்பே பயன்படுத்தப்படுகிறது. ஒரே உலோகம், ஒரே வேதியியல் இயைபு. இடப்பிறழ்வுகளின் செறிவு மட்டுமே வேறு.

மின்னேந்தி உராய்வதால் கம்பி நாளடைவில் தேய்கிறது. குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால், அதே விசையில் தகைவு 92 இலிருந்து ஏறத்தாழ 115 மெகாபாஸ்கலாக உயரும். கம்பியின் கனத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதற்கு இதுவே காரணம்.

அமுக்கத் தகைவு

பொருளை இருபுறமிருந்தும் நெருக்கும்போது தோன்றுவது அமுக்கத் தகைவு ஆகும். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே உடையது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். ஒரு சக்கரத்தின்மீது 10 டன் சுமை இருப்பதாகக் கொண்டால், அவ்விடத்தின் சராசரித் தகைவு 1,000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். இது தண்டவாள எஃகின் நெகிழ்வுப் புள்ளியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். ஆயினும் தண்டவாளம் நசுங்கிவிடுவதில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, தொடுமிடத்தின் அடியிலுள்ள உலோகம் எல்லாத் திசைகளிலும் சுற்றியுள்ள உலோகத்தால் நெருக்கப்படுகிறது. எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கினால் அணுத்தளங்கள் சறுக்குவதற்கு வழியில்லை. சறுக்கலைத் தூண்டுவது வெவ்வேறு திசைகளிலுள்ள தகைவுகளின் வேறுபாடே ஆகும். தொடுபரப்புத் தகைவுகளின் கணக்கை 1882 ஆம் ஆண்டு ஹைன்ரிக் ஹெர்ட்சு வெளியிட்டார். அதன்படி, உராய்வு குறைவாக உள்ளபோது சறுக்குத் தகைவு மேற்பரப்பில் அல்லாமல், சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே பெருமமாக இருக்கிறது.

இரண்டாவது, புதிய தண்டவாளத்தின்மீது முதல் வண்டிகள் செல்லும்போது மேலடுக்கு சிறிதளவு நிலையாக உருத்திரிகிறது. அதனால் அவ்வடுக்கு கடினமாவதோடு, அதனுள் எஞ்சிய அமுக்கத் தகைவும் தங்கிவிடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, பின்வரும் சக்கரங்களின் சுமையை மீள் உருத்திரிபாகவே தாங்க உதவுகின்றன. சுமை ஒரு வரம்பை மீறினால் மட்டும் ஒவ்வொரு சக்கரமும் சிறிது சிறிதாக மேலடுக்கைத் தள்ளிக்கொண்டே போகும். முடிவில் அங்கு நுண்விரிசல்கள் தோன்றும். வளைவுகளில் சக்கர விளிம்பு உராயும் தண்டவாளத் தலையின் உள்மூலையில் இவை மிகுதியாகக் காணப்படும்.

பாதைகள் பிரியும் குறுக்கிடங்களில் சக்கரம் இடைவெளியைத் தாண்டி விழுவதால் மோதல் கடுமையாக இருக்கும். இவ்விடங்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசு கலந்த எஃகு பயன்படுத்தப்படுகிறது. இதனை 1882 ஆம் ஆண்டு ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கினார். தொடக்கத்தில் ஓரளவு மென்மையாக இருக்கும் இவ்வெஃகு, சக்கரங்களின் அடியை வாங்க வாங்க மேற்பரப்பில் மிகக் கடினமாகிறது. உட்பகுதியோ முறியாத தன்மையை இழப்பதில்லை. பல தடங்கள் பிரிந்து கூடும் பெரிய நிலைய வளாகங்களில் இது இன்றியமையாதது.

வளைவுத் தகைவு

தண்டவாளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த கட்டைகளின்மீது கிடக்கிறது. கட்டைகள் சரளைக்கற்களின்மேல் அமர்ந்துள்ளன. சக்கரம் மேலே வரும்போது தண்டவாளம் சில மில்லிமீட்டர் கீழே வளைகிறது. அப்போது தண்டவாளத்தின் தலைப்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுக்கப்படுகிறது. நடுவில் தகைவற்ற ஒரு தளம் உண்டு. தண்டவாளத்தின் குறுக்குவெட்டில் உலோகம் தலையிலும் அடியிலும் குவிந்து, இடைப்பகுதி மெலிந்திருப்பதன் காரணம் இதுவே: தகைவு மிகுந்த இடத்தில் உலோகமும் மிகுதியாக உள்ளது.

சக்கரத்திற்குச் சற்று முன்னும் பின்னும் தண்டவாளம் மிகச் சிறிதளவு மேலெழுகிறது. அங்கு தகைவின் திசை தலைகீழாகிறது. ஆகவே ஒரு புள்ளியை ஒரு சக்கரம் கடப்பதற்குள் அப்புள்ளியில் தகைவு ஒருமுறை திசை மாறி மீள்கிறது.

முறுக்குத் தகைவும் சறுக்குத் தகைவும்

ஒரு தண்டின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசைகளில் திருகினால் அதன் குறுக்குவெட்டுகள் ஒன்றின்மீது ஒன்று சறுக்க முயலும். இதனால் தோன்றுவது சறுக்குப்பெயர்ச்சித் தகைவு ஆகும். மின்னோடியால் இயக்கப்படும் அச்சு இத்தகைவுக்கு உட்படுகிறது.

பெட்டிகளின் அடிச்சட்டத்திலுள்ள சுருள்வில்லும் இவ்வகையைச் சார்ந்ததே. சுருள்வில் அமுங்கும்போது அதன் கம்பி நெருக்கப்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் அக்கம்பி தன் நீளம் முழுவதும் முறுக்கப்படுகிறது. நீண்ட கம்பி சுருளாக அமைந்திருப்பதால், சிறிய முறுக்கல்கள் ஒன்றுசேர்ந்து பெரிய அமுக்கமாக வெளிப்படுகின்றன. காலை நேரத்தில் பெட்டி நிறைய ஆட்கள் ஏறும்போது தாழ்ந்த பெட்டி, அவர்கள் இறங்கியதும் பழைய உயரத்தை அடைவது, கம்பியின் தகைவு மீட்சி எல்லைக்குள் இருப்பதையே காட்டுகிறது.

வெப்பத் தகைவு

வெப்பத்தால் உலோகம் விரிவடைகிறது. விரிவு தடுக்கப்பட்டால் தகைவு தோன்றுகிறது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தண்டவாளத்தின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் உயர்ந்தால், தடையின்றி விட்டிருப்பின் அது ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் நீளும். 13 மீட்டர் நீளமுள்ள துண்டுகளை இடைவெளி விட்டு இணைத்த பழைய பாதைகளில், ஒவ்வோர் இணைப்பிலும் இருந்த சில மில்லிமீட்டர் இடைவெளி இவ்விரிவுக்கு இடமளித்தது. தொடர்வண்டிக்கே உரிய 'தடக் தடக்' ஓசை இவ்விடைவெளிகளில் பிறந்ததே. ஆனால் சக்கரங்கள் தொடர்ந்து மோதியதால் இணைப்புகளே பாதையின் நலிந்த இடங்களாயின.

இக்காலத்தில் தண்டவாளங்கள் நெடுந்தொலைவுக்கு இடைவெளியின்றிப் பற்றவைக்கப்படுகின்றன. கட்டைகளும் சரளைக்கற்களும் அவற்றை இறுகப் பிடித்திருப்பதால் நடுப்பகுதி விரிய இயலாது. நீளம் மாறாத நிலையில் ஒவ்வொரு பாகை வெப்பநிலை மாற்றமும் ஏறத்தாழ 2.4 மெகாபாஸ்கல் தகைவை உண்டாக்குகிறது. இத்தகைவு தண்டவாளத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று.

சென்னையில் 2003 மே மாத இறுதியில் காற்றின் வெப்பநிலை 45 பாகையை எட்டியது. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் காற்றைவிட 15 முதல் 20 பாகை வரை கூடுதலாகச் சூடேறும். எடுத்துக்காட்டாக, மார்கழி, தை மாத விடியற்காலையில் தண்டவாளம் 20 பாகையிலும், கத்திரி வெயில் நண்பகலில் 60 பாகையிலும் இருப்பதாகக் கொள்ளலாம். 45 பாகையில் தகைவின்றி இருக்குமாறு அதைப் பொருத்தியிருந்தால், மாறுபாடு பின்வருமாறு அமையும்:

* கோடை நண்பகல்: 15 பாகை உயர்வு; 36 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்தில் ஏறத்தாழ 28 டன் நெருக்குவிசை.
* குளிர்கால விடியல்: 25 பாகை தாழ்வு, 60 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு. அதே தண்டவாளத்தில் ஏறத்தாழ 47 டன் இழுவிசை.

பொருத்தும் வெப்பநிலையைச் சராசரியைவிடச் சற்று உயர்த்தி வைப்பது நெருக்குவிசையைக் குறைப்பதற்காகவே. எஃகின் வலிமையை நோக்க 36 மெகாபாஸ்கல் மிகச் சிறியது. ஆனால் நெருக்கப்படும் மெல்லிய நீண்ட பொருள் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும் என்பதை 18 ஆம் நூற்றாண்டிலேயே லியோனார்டு ஆய்லர் காட்டியிருந்தார். இவ்வகைத் தோல்வி உலோகத்தின் வலிமையைப் பொறுத்ததன்று. அதன் விறைப்பையும் பக்கப் பிடிமானத்தையும் பொறுத்தது. தண்டவாளத்திற்கு அப்பிடிமானத்தைத் தருபவை கட்டைகளின் முனைகளில் குவிக்கப்பட்டுள்ள சரளைக்கற்கள். கற்கள் குறைந்த இடத்திலோ, பராமரிப்புக்காகக் கிளறப்பட்டு இன்னும் இறுகாத இடத்திலோ, கடும் வெயிலில் பாதை திடீரெனப் பாம்புபோல் நெளியக்கூடும். ஆகவே கற்களைக் கிளறும் பணிகள் வெப்பநிலை வரம்புக்கு உட்பட்டே செய்யப்படுகின்றன. கோடையில் நண்பகல் ரோந்தும் உண்டு.

மேல்நிலை மின்கம்பியில் இச்சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்படுகிறது. கம்பியின் முனைகள் கப்பிகள் வழியாக எடைக்கற்களோடு இணைக்கப்பட்டுள்ளன. 750 மீட்டர் நீளச் செம்புக்கம்பி 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் நீளும். எடைகள் கீழிறங்கி அந்நீட்சியை ஏற்றுக்கொள்ளும். தகைவு மாறுவதில்லை. தண்டவாளத்தில் நீளம் மாறாமல் தகைவு மாறுகிறது; மின்கம்பியில் தகைவு மாறாமல் நீளம் மாறுகிறது.

களைப்பு

நெகிழ்வுப் புள்ளிக்குக் கீழான தகைவும், பல இலட்சம் முறை திரும்பத் திரும்பச் செயற்பட்டால் உலோகத்தை முறித்துவிடும். இது களைப்பு எனப்படுகிறது. 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குச் சென்ற தொடர்வண்டியின் இயந்திர அச்சு முறிந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. முறிந்த அச்சுகளில் பளபளக்கும் மணிகள்போன்ற பரப்பைக் கண்ட அக்காலத்தவர், உலோகம் அதிர்வினால் படிகமாக மாறிவிட்டதாகக் கருதினர். இக்கருத்து தவறானது. உலோகம் தொடக்கத்திலிருந்தே படிகங்களால் ஆனது. மேற்பரப்பில் தோன்றும் நுண்விரிசல் ஒன்று ஒவ்வொரு சுழற்சியிலும் மிகச் சிறிதளவு முன்னேறி, எஞ்சிய உலோகம் சுமையைத் தாங்க இயலாத நிலையில் ஒரே கணத்தில் முறிவதே களைப்பு முறிவு ஆகும். செருமானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் தொடர்வண்டி அச்சுகளைக்கொண்டு நடத்திய நீண்ட சோதனைகளை 1870 வரையிலான ஆண்டுகளில் வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எஃகு பெரும் எண்ணிக்கையிலான சுழற்சிகளைத் தாங்கவல்லது என்பது அவர் கண்ட முதன்மையான முடிவு.

புறநகர்ப் பாதையில் சுழற்சிகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. வண்டியின் எடையால் வளைந்த அச்சு சுழலும்போது, அதன் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் மாறிமாறி இழுக்கப்படவும் நெருக்கப்படவும் செய்கிறது. 0.9 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஒருமுறை செல்வதற்குள் ஏறத்தாழ 10,000 முறை சுழல்கிறது. தண்டவாளத்தைப் பொறுத்தவரை, 12 பெட்டிகள் கொண்ட வண்டிக்கு 48 அச்சுகள். ஒரு தடத்தில் நாளொன்றுக்கு 100 வண்டிகள் எனக் கொண்டால், ஓராண்டில் ஒவ்வொரு புள்ளியும் 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட சக்கரங்களைத் தாங்குகிறது. ஆறே ஆண்டுகளில் இது ஒரு கோடியைக் கடந்துவிடும்.

2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு என்னுமிடத்தில் விரைவு வண்டி ஒன்று தடம்புரண்டு நால்வர் உயிரிழந்தனர். வளைவிலுள்ள தண்டவாளத்தின் தலைமூலையில் சக்கரத் தொடர்பால் தோன்றிய களைப்பு விரிசல்கள் உள்ளே பரவியிருந்தன. வண்டி கடந்தபோது அத்தண்டவாளம் பல துண்டுகளாகச் சிதறியது. விரிசல்கள் முன்னரே அறியப்பட்டிருந்தும் தண்டவாளம் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. இவ்விபத்துக்குப் பின் தொடுபரப்புக் களைப்பு உலகெங்கும் கூடுதல் கவனம் பெற்றது.

களைப்பு விரிசல் இழுவிசைத் தகைவில் விரைவாகத் திறக்கும், நெருக்கத்தில் மூடிக்கொள்ளும். எனவே ஆண்டின் குளிர்ந்த விடியற்காலைகளில், ஏற்கெனவே விரிசல் கண்ட தண்டவாளமோ பற்றவைப்போ முறியும் வாய்ப்பு கூடுகிறது. நெளிவு கோடை நண்பகலின் இடர்; முறிவு குளிர்கால விடியலின் இடர். சென்னையில் குளிர் கடுமையாக இல்லாததால் இரண்டாவது இடர் வடஇந்தியாவை நோக்கக் குறைவே.

ஊர்வு

மாறாத தகைவில் உலோகம் காலப்போக்கில் மெல்ல நீண்டுகொண்டே போவது ஊர்வு எனப்படும். பொதுவாக, தனிவெப்பநிலை அளவில் உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைக் கடந்த பின்னரே இது குறிப்பிடத்தக்க அளவில் நிகழும். வெயிலில் 60 பாகைக்குச் சூடேறிய தண்டவாளம் அவ்வரம்பிற்கு மிகக் கீழே இருப்பதால், அதில் ஊர்வு பொருட்படுத்தத்தக்கதன்று.

தாம்பரத்திற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்துள்ள கல்பாக்கத்தில் நிலைமை வேறு. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971 இல் தொடங்கப்பட்டது. அங்கு அமைந்த வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபரில் முதன்முறையாக மாறுநிலையை அடைந்தது. கல்பாக்கத்தில் அமைக்கப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில், உலையைவிட்டு வெளியேறும் உருகிய சோடியம் ஏறத்தாழ 547 பாகை வெப்பநிலையில் இருக்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இது எஃகின் உருகுநிலையில் ஏறத்தாழ பாதியாகும். எனவே அங்கு உறுப்புகள் வலிமைக்காக மட்டுமின்றி, பல்லாண்டுக்கால ஊர்வைக் கருதியும் தெரிவு செய்யப்படுகின்றன. முதன்மைக் கலனுக்கு நைட்ரஜன் கலந்த துருப்பிடிக்காத எஃகும், நீராவி ஆக்கிகளுக்கு 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் கொண்ட மேம்படுத்திய எஃகும் பயன்படுத்தப்படுகின்றன. இத்தகைய எஃகுகளின் மாதிரிகளை உயர்வெப்பநிலையில் பல ஆயிரம் மணிநேரம் சுமையில் தொங்கவிட்டு அளப்பது அம்மையத்தின் நெடுநாள் ஆய்வுகளுள் ஒன்று.

கண்டறிதலும் பேணுதலும்

மீள் உருத்திரிபு தடயம் விடுவதில்லை. நிலைத்த உருத்திரிபும் விரிசலும் மட்டுமே கண்டறியத்தக்கவை. அவற்றுக்குக் கையாளப்படும் வழிகள்:

* கால்நடை ஆய்வு: கீமேன் எனப்படும் பணியாளர் தமக்குரிய பகுதியை நாள்தோறும் நடந்து பார்த்து, தளர்ந்த பிடிப்புகளை இறுக்குகிறார், முறிவு, நெளிவு ஆகியவற்றைக் கண்டால் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்கிறார்.
* மீயொலிச் சோதனை: தண்டவாளத்தின்மீது தள்ளிச்செல்லும் கருவி மீயொலி அலைகளை உள்ளே செலுத்துகிறது. விரிசலில் பட்டு அலை முன்கூட்டியே எதிரொலித்துத் திரும்பினால் குறை இருப்பது தெரியும்.
* தகைவு நீக்கல்: பிடிப்புகளைத் தளர்த்தி, தண்டவாளம் தன் இயல்பான நீளத்தை அடையவிட்டு, உரிய வெப்பநிலையில் மீண்டும் இறுக்குவது.
* மேற்பரப்பைச் சாணைபிடித்தல்: நுண்விரிசல்கள் ஆழமாவதற்கு முன் மேலடுக்கை மெல்லியதாகச் சீவி நீக்குவது.
* அச்சுச் சோதனை: பணிமனையில் அச்சின் முனையிலிருந்து மீயொலியைச் செலுத்தி, சக்கரம் பொருந்தும் இடத்தில் மறைந்துள்ள விரிசல்களைத் தேடுவது.

இவ்வழிகள் அனைத்தும் ஒரே கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. உலோகத்தில் சிறு குறைகள் தவிர்க்க இயலாதவை. விரிசல் கண்டறியத்தக்க அளவை எட்டுவதற்கும் முறிவை உண்டாக்கும் அளவை எட்டுவதற்கும் இடையே ஒரு காலம் உண்டு. அக்காலத்திற்குள் குறைந்தது ஒருமுறையாவது ஆய்வு நடைபெறுமாறு கால அட்டவணை அமைய வேண்டும். பாதையின் பாதுகாப்பு இதைச் சார்ந்துள்ளது.

கல்வியும் ஆய்வும்

இப்பாதையை ஒட்டிய பகுதிகளில் உலோகங்களின் இயக்கப் பண்புகளைக் கற்பிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. குரோம்பேட்டையிலுள்ள சென்னை தொழில்நுட்பக் கல்லூரி 1949 ஆம் ஆண்டு சி. ராஜம் அவர்களால் நிறுவப்பட்டது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. எடை குறைந்த உலோகங்களின் களைப்பு இன்றியமையாத பாடமாக விளங்கும் வானூர்திப் பொறியியல் அங்கு கற்பிக்கப்படுகிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அத்துறையின் மாணவர். 1959 இல் தொடங்கப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியலுக்குத் தனித்துறை உள்ளது.

பொறியியல் மாணவர் ஆய்வுக்கூடத்தில் இழுத்து முறிக்கும் எஃகுத் தண்டு சில நிமிடங்களில் தன் முழு வரலாற்றையும் காட்டிவிடுகிறது: நேர்கோட்டில் உயரும் மீள்நிலை, நெகிழ்வு, கடினமாதல், கழுத்து மெலிதல், முறிவு. தண்டவாளத்திலோ இந்நிலைகள் பல்லாண்டுகளில், பல்வேறு தகைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிய நிலையில் நிகழ்கின்றன. சக்கரம் ஒரு புள்ளியைக் கடக்கும் கணத்தில் அங்கு வளைவு, தொடுபரப்பு அமுக்கம், வெப்பத் தகைவு, உருவாக்கத்தின்போது எஞ்சிய தகைவு ஆகிய நான்கும் சேர்ந்தே செயற்படுகின்றன. இவற்றின் கூட்டுவிளைவைக் கொண்டே பாதையின் வேக வரம்பும் சுமை வரம்பும் தண்டவாளத்தை மாற்றும் காலமும் முடிவு செய்யப்படுகின்றன.